கைப்பேசியில் வாழும் சேலத்துக் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் வழங்கும் கதைகளையும் நம்பிக்கைகளையும் சேகரித்து வருகிறேன். இதைக் கேள்விப்பட்ட மாணவர்கள், உறவினர்கள், வெளிநாட்டில் குடியேறிவிட்ட ஊர்க்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாட்டார் வழக்காறு என்றால் பழைய காலத்துக் கிராமத்துச் சங்கதிதானே? கைப்பேசி வந்த பிறகு அதற்கு என்ன வேலை?

1846-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் தாம்ஸ் இந்தத் துறைக்கு ஆங்கிலத்தில் 'ஃபோக்லோர்' என்று பெயர் சூட்டியபோது, அழிந்துகொண்டிருக்கும் பழமையைக் காப்பாற்றும் வேலை என்றுதான் நினைத்தார். பிறகு வந்தவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்கள். ஏதாவது ஒரு பொதுத்தன்மையால் இணைந்த எந்தக் கூட்டமும் 'நாட்டார்'தான் என்றார் அமெரிக்க அறிஞர் ஆலன் டண்டிஸ். அலுவலகங்களில் நகலெடுத்துக் கைமாற்றிக்கொள்ளும் வேடிக்கைத் தாள்களைக்கூட அவர் 1970-களிலேயே தொகுத்தார்.

சொன்னவர் பெயர் தெரியாது. கைமாறும்போதெல்லாம் கொஞ்சம் மாறுகிறது. கூட்டத்துக்குப் பொதுச் சொத்தாக இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் அது வழக்காறுதான், தாத்தா வாயால் வந்தாலும் வாட்ஸ்அப்பில் வந்தாலும். லாரியின் பின்பக்கம் எழுதியிருக்கும் 'முனியப்பன் துணை' அதில் சேரும். குடும்பக் குழுவில் காலையில் வரும் ராகுகாலக் குறிப்பும் சேரும்.

சேர்வராயன் கோயில் குகை காவிரி வரை போகிறது என்கிறார்களே, உண்மையா?

ஏற்காட்டுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 5,326 அடி உயரத்தில் இருக்கும் குகைக்கோயில் அது. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே திரள்கின்றன.

குகையின் மறுமுனை காவிரியில் திறக்கிறது என்பது நீண்ட நாள் நம்பிக்கை. நில அமைப்பை வைத்துப் பார்த்தால் அதற்கு வழியில்லை. காவிரி தொலைவில், மலைக்கு வெகு கீழே ஓடுகிறது. ஆனால் இந்தக் கேள்வியை அத்தோடு முடித்துவிட எனக்கு மனம் வராது. தமிழ்நாட்டில் பழைய கோயிலோ கோட்டையோ இருக்கும் ஊரில் சுரங்கப்பாதைக் கதையும் அநேகமாக இருக்கும். ஏற்காட்டிலேயே கரடிக் குகையைத் திப்பு சுல்தானோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அந்தக் கதைகளில் சுரங்கம் வழியாகத் தப்பிப்பது ராஜாவும் ராணியும். இல்லாவிட்டால் உள்ளே புதையல் இருக்கும். சேர்வராயன் கதையில் ராஜாவும் இல்லை, புதையலும் இல்லை. மலைச்சாமியின் பக்கத்தில் நதித் தெய்வம் அமர்ந்திருக்கிறாள். அவளுக்கும் அவளுடைய நதிக்கும் இடையே வழி அடைபடாமல் இருக்க வேண்டும். மலையில் பெய்யும் மழைதான் கீழே இருப்பவர்களுக்குத் தண்ணீர் என்று அறிந்த மக்கள் சொன்ன கதையாகவே இதை நான் படிக்கிறேன்.

இப்போது குகை வாசலில் எடுத்த சிறு காணொளிகள் வருகின்றன. பெரும்பாலானவற்றில் அச்சமூட்டும் இசை, 'மர்மம்' என்று சிவப்பு எழுத்து. காவேரி அம்மன் பெயரே வராது. வெறும் இருட்டுப் பொந்தாகக் காட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

மலையில் வாழும் மக்களின் பூர்வக் கதை என்ன?

சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்தோடு தொடர்பில்லாதவர்கள், தமிழ் பேசுகிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் கிளம்பி வந்தார்கள் என்பது அவர்களுடைய கதை. பெரியண்ணன் சேர்வராயன் மலையில் குடியேறினார், நடுவண்ணன் பச்சைமலையில், சின்னண்ணன் கொல்லிமலையில். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஆங்கிலேய ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் இது பதிவாகியிருக்கிறது.

வாய்மொழியில் இந்தக் கதை ஒரே அச்சாக இருந்ததில்லை. ஏன் கிளம்பினார்கள், வழியில் யாரை மணந்தார்கள் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். இணையத்தில் தேடினால் நான்கு வரிச் சுருக்கம் ஒன்று வருகிறது. அதையே எல்லாத் தளங்களும் திரும்பத் திரும்பப் போடுகின்றன. பள்ளிக்குப் போகும் பேத்தி அதைப் படித்துவிட்டு வந்து, "பாட்டி, நீங்கள் சொல்வது தப்பு" என்கிறாள். பாட்டி சொல்வது தப்பில்லை. அச்சில் ஏறாத இன்னொரு வடிவம், அவ்வளவுதான். அந்த வடிவம்தான் இப்போது அவசரமாகப் பதிவு செய்யப்பட வேண்டியது.

ஒரே கதைக்குப் பல வடிவங்கள் இருந்தால் எது சரி?

உத்தமசோழபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருமணிமுத்தாற்றங்கரையில் கரபுரநாதர் கோயில் இருக்கும் ஊர். பாரியின் மகளிர் அங்கவை, சங்கவைக்கு ஔவையார் மூவேந்தர் முன்னிலையில் இங்கேதான் திருமணம் நடத்தி வைத்தார் என்பது தலபுராணம். மூவேந்தரும் கேட்டதற்காக, வெட்டிய பனந்துண்டைப் பாட்டுப் பாடித் துளிர்க்க வைத்துப் பழம் தரச் செய்தாராம். புறநானூற்றில் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு குறுநில மன்னர்களிடம் போய்ப் பெண் கொள்ளச் சொல்லிக் கேட்பவர் கபிலர், அவர்கள் மறுத்துவிடுகிறார்கள். பிற்காலக் கதைகளில் திருமணம் திருக்கோவிலூரில் நடக்கிறது.

இலக்கிய வரலாறு வேண்டுமானால் புறநானூற்றுக்குப் போங்கள். தகப்பனை இழந்த இரண்டு பெண்களைக் கரை சேர்க்க ஒரு கிழவி முன்வந்தாள், அது எங்கள் ஊரில் நடந்தது என்று ஓர் ஊர் ஏன் சொல்லிக்கொள்ள விரும்பியது என்று தெரிய வேண்டுமானால் உத்தமசோழபுரத்துக்கு வாருங்கள்.

ஏற்காட்டு மலைப்பாதையில் வெள்ளைச் சேலைப் பெண் வண்டியை நிறுத்துவாளாமே?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவு என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். பைக்கில் போனவர், சொல்பவரின் நண்பருக்கு நண்பர். ஒரு பெண் கையைக் காட்டினாள், ஏற்றிக்கொண்டார், அடிவாரத்தில் திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை.

ஜான் ஹெரால்டு புருன்வாண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1981-ல் இதே கதையின் அமெரிக்க வடிவங்களை விரிவாக எழுதினார். கார் வருவதற்கு முன்பே, குதிரை வண்டிக் காலத்திலேயே அது அங்கே வழங்கியிருக்கிறது. கதை ஊர்விட்டு ஊர் பயணம் செய்கிறது. போன இடத்து உடையை உடுத்திக்கொள்கிறது. இங்கே மல்லிகைப் பூவும் வெள்ளைச் சேலையும்.

பெங்களூருவில் 1990-களில் இரவில் கதவு தட்டும் பேய்க்குப் பயந்து வீட்டுச் சுவர்களில் கன்னடத்தில் 'நாளை வா' என்று எழுதி வைத்ததும் இதே குடும்பத்துச் செய்திதான்.

மலைப்பாதையில் இரவில் மெதுவாகப் போங்கள். பேய்க்காக அல்ல, வளைவுக்காக.

திருஷ்டி கழிப்பது இந்தக் காலத்திலும் நடக்கிறதா?

முன்பைவிட அதிகமாக நடக்கிறது என்றுதான் சொல்வேன்.

அம்மாபேட்டையில் எனக்கு உறவுமுறையில் ஓர் அத்தை இருக்கிறார். அவருடைய பேரன் சிங்கப்பூரில் பிறந்தவன். பிறந்தநாள் படங்களைப் பார்த்து நிறையப் பேர் வாழ்த்துச் சொன்ன மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை அந்தி நேரத்தில் காணொளி அழைப்பில் மகளை வரச் சொன்னார். "குழந்தையைக் கிழக்குப் பார்த்து உட்கார வை" என்றார். கல் உப்பு, ஏழு காய்ந்த மிளகாய், கொஞ்சம் கடுகு, முச்சந்தி மண் எல்லாவற்றையும் வலது கையில் மூடிக்கொண்டு, மேசையில் சாய்த்து வைத்த கைப்பேசித் திரையின் முன் இடமாக மூன்று, வலமாக மூன்று சுற்றினார். "ஊர்க்கண், உறவுக்கண், நாய்க்கண், நரிக்கண், நல்ல கண், நொள்ளைக் கண் எல்லாம் கழிந்து போகட்டும்." பிறகு திரையைப் பார்த்து, "துப்பச் சொல்" என்றார். அங்கே குழந்தை மூன்று முறை துப்பியது. இங்கே அடுப்பில் மிளகாய் வெடித்தது. மகள் கேட்ட முதல் கேள்வி: "நெடி வந்ததா அம்மா?" நெடி இல்லை என்றால் திருஷ்டி இருந்தது, கழிந்துவிட்டது என்று பொருள். "தும்மல்கூட வரவில்லை" என்றார் அத்தை. இரண்டு பக்கமும் நிம்மதி.

வாசனை திரையில் வராது. ஆகவே அதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியிருந்தது. சடங்கில் அது ஒன்றுதான் புதிது. காய்ச்சலுக்கு மருத்துவரிடமும் போனார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தையின் படத்தை ஸ்டேட்டஸில் போடும்போது முகத்தின் மேல் இதயப் பொம்மை வைத்து மறைப்பதும் கன்னத்தில் வைக்கும் மையின் வேலையைத்தான் செய்கிறது. நீலக் கண் மணி 2018-ல் உலகப் பொது எமோஜிப் பட்டியலில் சேர்ந்தது. மேற்காசியப் பகுதிகளின் திருஷ்டி மணி அது. இங்கே புது வீட்டுப் படங்களுக்குக் கீழே பூசணிக்காய்க்குப் பதிலாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

'11 பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல்' என்று வரும் செய்திகள் எப்போது தொடங்கின?

கைப்பேசிக்கு வெகு முன்பே. மஞ்சள் தாளில் அச்சடித்த நோட்டீஸ் நினைவிருக்கலாம். கோயிலில் பாம்பு ஒன்று வந்தது, பூசாரியிடம் பேசியது. இதை ஆயிரம் பிரதி அச்சடித்துக் கொடுத்தவருக்கு லாட்டரியில் பரிசு விழுந்தது. கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார். அற்புதம், பரிசு, தண்டனை என்ற இந்த மூன்று அடுக்கும் அஞ்சலட்டையில் இருந்தது, நோட்டீசில் இருந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அச்சுக் கூலி மட்டும் மிச்சமாகியிருக்கிறது.

வேகத்துக்கும் இணையம் அவசியமில்லை. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி ஒரே நாளில் தொலைபேசி வழியாக நாடு முழுவதும் பரவியது. பாலின் பரப்பு இழுவிசையும் கல்லின் மேல் அது மெல்லிய படலமாக வழிவதும் காரணம் என்று அறிவியலாளர்கள் செய்து காட்டினார்கள்.

வந்த செய்தியை அனுப்பாமல் விடுங்கள். பயமாக இருந்தால் வீட்டில் விளக்கு ஏற்றுங்கள். பயத்தை அடுத்தவருக்குக் கைமாற்ற வேண்டாம்.

எல்லாம் கதைதானே, இதில் ஆபத்து என்ன இருக்கிறது?

பூச்சாண்டி வந்து பிடித்துக்கொண்டு போவான் என்பது குழந்தைக்குச் சோறு ஊட்டும் கதை. அதே கதை 2018-ல் 'வடமாநிலக் குழந்தை கடத்தும் கும்பல்' என்று படத்தோடு கைப்பேசியில் வந்தபோது மனிதர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு வந்த குடும்பத்தை ஊரே சூழ்ந்து தாக்கியதில் ஒரு மூதாட்டி இறந்தார். வழியில் பார்த்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்த காரியம். நாட்டின் வேறு பல மாநிலங்களிலும் அந்த ஆண்டு இதுபோல் நடந்தது. அதன் பிறகுதான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது.

நான் கடைப்பிடிக்கும் எல்லை இது. பேய், முனி, காட்டேரி என்று கதை சொன்னால் உட்கார்ந்து கேட்பேன். உயிரோடு இருக்கும் ஒரு மனிதரை, ஒரு கூட்டத்தை, ஒரு சாதியைச் சுட்டிக்காட்டும் இடத்தில் அது கதையாக இல்லாமல் குற்றச்சாட்டாகிவிடுகிறது. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கேட்க வேண்டும். முன்னோர் பெருமை பேசும் பூர்வக் கதைகளை எடுத்து, அடுத்த சாதியை இழிவுபடுத்த முகநூலில் பயன்படுத்துவதற்கும் இதே பதில்தான்.

நம் முன்னோர் செய்ததற்கெல்லாம் அறிவியல் காரணம் உண்டு என்கிறார்களே?

சிலவற்றுக்கு உண்டு. எல்லாவற்றுக்கும் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற துடிப்பு கதையையும் கெடுக்கிறது, அறிவியலையும் கெடுக்கிறது.

கொல்லிப்பாவையைப் பாருங்கள். கொல்லிமலை 1997-ல் நாமக்கல் மாவட்டம் பிரியும் வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை, தெய்வம் எழுதிய பேரழகுப் பெண்ணுருவம். குறுந்தொகையில் பரணரும் கபிலரும் பெண்ணின் அழகைச் சொல்ல அவளை இழுக்கிறார்கள். பின்னாளில், சிரித்து மயக்கி ஆளைக் கொல்லும் பாவை என்ற கதை வளர்ந்தது. இப்போது யூடியூபில் அவள் 'பழந்தமிழரின் ரோபோ' ஆகிவிட்டாள். உணர்கருவிகள், எந்திர விசை என்று விளக்கம் வேறு. இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் கற்பனையில் வாழும் ஒரு பெண்ணைப் பற்றிப் பெருமைப்பட, அவளுக்குள் மோட்டார் இருந்தாக வேண்டுமா?

கஞ்சமலையிலும் அப்படித்தான். இரும்புத் தாது நிறைந்த மலை. அடிவாரத்தில் சித்தர் கோயில். சீடன் சோறு கிளறக் குச்சி தேடி, ஒரு செடியை ஒடித்துக் கிளறினான், சோறு கறுத்துவிட்டது. குருவுக்குப் பயந்து அதைத் தானே தின்றான், கிழவன் இளைஞனாகிவிட்டான். அமாவாசைக் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லும் கதை இது. அந்த மூலிகை இதுதான் என்று செடியைக் காட்டி விற்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தலைவெட்டி முனியப்பன் புத்தரா, முனியப்பனா?

சேலம் மாவட்டம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்ட சிலை புத்தர் சிலை என்று தொல்லியல் துறை ஆய்வு சொன்னது. தாமரைப் பீடம், தியான முத்திரையில் கைகள், சுருள் முடி, நீண்ட காதுகள். துண்டிக்கப்பட்டிருந்த தலையைப் பிற்காலத்தில் சிமெண்ட் கலவையால் ஒட்டியிருந்தார்கள். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் இதை ஏற்று, சிலையைத் தொல்லியல் துறை வசம் ஒப்படைக்கவும், புத்தர் சிலை என்று பலகை வைக்கவும் உத்தரவிட்டது.

அந்த வாரம் முழுக்க சமூக வலைத்தளங்களில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. என்னைக் கேட்டால், கல்லைச் செதுக்கியவர் புத்தரைத்தான் செதுக்கினார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பௌத்தம் இங்கே மறைந்த பிறகும், தலை போன பிறகும், அந்தச் சிலையைக் கைவிடாமல் பெயர் சூட்டிக் காத்தவர்கள் அந்த ஊர் மக்கள். தலையில்லாத உருவத்துக்குத் 'தலைவெட்டி' என்று பெயர் வைத்து, என்ன நடந்தது என்ற நினைவையும் பெயருக்குள்ளேயே வைத்திருந்தார்கள். தலைவாசல் பக்கம் தியாகனூரிலும் புத்தர் சிலைகள் உண்டு; அங்கும் ஊர் மக்கள் விளக்கேற்றி வந்திருக்கிறார்கள். பலகையில் புத்தர் என்று எழுதுவதோடு, முனியப்பனாக இருந்த வரலாற்றையும் இரண்டு வரி எழுதலாம் என்பது என் விருப்பம்.

திருவிழாவை ரீல்ஸ் கெடுத்துவிட்டதா?

ஆடி மாதம் சேலத்துக்கு வந்திருக்கிறீர்களா? கோட்டை மாரியம்மன் தொடங்கி எட்டுப்பட்டியிலும் பூச்சாட்டு, கம்பம், உருளுதண்டம், பொங்கல் என்று ஊரே வேறாகிவிடும். சேலத்தில் குகை என்றே பெயருள்ள பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும். சிவன், பார்வதி, முருகன் என்று வேடமிட்டவர்கள் விளக்கொளியில் அலங்கார வண்டிகளில் கோயிலைச் சுற்றி வருவார்கள். மாட்டு வண்டியில் வந்த சாமிகள் இப்போது லாரியில் வருகிறார்கள்.

கூட்டம் கும்பிட்ட கையோடு கைப்பேசியையும் தூக்குகிறது, உண்மை. அதனால் பக்தி போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சென்ற ஆண்டுக் காணொளியைப் பார்த்துத்தான் இளைஞர்கள் இந்த ஆண்டு வண்டியைத் திட்டமிடுகிறார்கள். கிரீடத்தின் உயரம், பாம்பின் வளைவு எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பேசுகிறார்கள். விடிய விடிய ஆடும் தெருக்கூத்தையும் முழுவதுமாகப் பதிந்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். வெளியூர் நூற்பாலையில் இரவுப் பணி பார்க்கிறவர் தன் ஊர்த் திரௌபதியை அங்கே பார்த்துக்கொள்கிறார். ஆட்டக்காரருக்கு அதில் காசு போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதை யாரும் என்னிடம் கேட்பதில்லை.

மீம்ஸும் வழக்காறா?

ஆம். 2019 மே மாதம், சுத்தியல் தலையில் விழும் ஒரு பழைய திரைப்பட நகைச்சுவைப் பாத்திரமான நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது நினைவிருக்கும். தொடங்கியது ஒருவர், கதையை வளர்த்தது ஆயிரக்கணக்கானோர். மருத்துவமனை அறிக்கை, உறவினர் பேட்டி என்று ஆளாளுக்கு ஒரு துண்டு சேர்த்தார்கள். பாரதக் கூத்தின் நடுவே கட்டியங்காரன் புகுந்து ஊர் நடப்பை இழுத்துக் கலகலப்பாக்கும் கலை இதற்குப் பாட்டன் முறை.

நீங்கள் இதையெல்லாம் நம்புகிறீர்களா?

சொல்பவரை நம்புகிறேன். அவர் பொய் சொல்ல உட்காரவில்லை.

என் வீட்டுக் கதைகளை நானே பதிவு செய்ய விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

அனுமதி கேட்டுக்கொண்டு கைப்பேசியில் ஒலிப்பதிவை இயக்குங்கள். காணொளி வேண்டாம், கேமராவைப் பார்த்ததும் பெரியவர்கள் மேடைப் பேச்சுக்கு மாறிவிடுவார்கள். முதலில் சொல்பவரின் பெயர், ஊர், வயது, இந்தக் கதையை அவருக்கு யார் சொன்னார்கள் என்பதைக் கேளுங்கள். கைப்பேசியில் பரவும் கதைகளில் முதலில் தொலைவது இதுதான்.

நடுவில் திருத்தாதீர்கள். ஆண்டு தப்பு, ராஜா பெயர் தப்பு என்று குறுக்கிட்டால் அதோடு வாய் மூடிக்கொள்வார்கள். பேச்சு எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

எதை எப்போது கேட்கலாம் என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல நாளில் ஒப்பாரி பாடச் சொல்லக் கூடாது. பேய்க் கதையைப் பகலில் கேட்டால் பாதிதான் வரும். குலதெய்வக் கதையைக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில், வேனில் உட்கார்ந்து கேளுங்கள். பொங்கல் வைத்த களைப்பில் எல்லோரும் ஆளுக்கொரு வடிவம் சொல்வார்கள், ஒருவரை ஒருவர் மறுப்பார்கள். அந்த மறுப்பையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

பதிவின் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்கே கொடுங்கள். சொன்னவர் சம்மதிக்காமல் இணையத்தில் ஏற்ற வேண்டாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. முறையாகக் கற்க விரும்புகிறவர்கள் அங்கே விசாரிக்கலாம். மற்றவர்கள் ஆடிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது, "நம் குலதெய்வம் எந்த ஊரிலிருந்து வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள்.